மார்வெல் ஓட்டைகளை அடைப்பது எப்படி: சப்பைக்கட்டும் வழுவமைதியும்

1964-இல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் 25-ஆம் இதழில், ஹல்க்காக உருமாறும் விஞ்ஞானிக்கு பாப் பேனர் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் ப்ரூஸ் பேனர். பெயர் வைத்தவரும் எழுத்தாளர் ஸ்டான் லீ, மறந்தவரும் ஸ்டான் லீ. வாசகர்கள் விடவில்லை. லீ கடிதப் பகுதியில் தீர்ப்பு எழுதினார்: ஆளின் முழுப்பெயர் ராபர்ட் ப்ரூஸ் பேனர்; ராபர்ட்டைச் சுருக்கினால் பாப்; ஆகவே இரண்டும் சரி. அறுபது வருடமாக அந்தச் சமாளிப்புதான் அதிகாரபூர்வமான பெயர். அந்தக் காலத்தில்தான் மார்வெல் 'நோ-ப்ரைஸ்' என்றொரு பரிசையும் அறிவித்தது. நாளடைவில் அது, தவறைச் சுட்டிக்காட்டுவதோடு நில்லாமல் அது ஏன் தவறே அல்ல என்று பொருந்தச் சொல்லும் வாசகருக்குப் போகலாயிற்று. பரிசு, தபாலில் வரும் ஒரு காலி உறை. இன்று மார்வெல் படங்களைச் சுற்றி முளைக்கும் ஃபேன் தியரிகள் எல்லாம் அந்தக் காலி உறையின் வாரிசுகள்தான்.

ஓட்டை அடைபட்டால் போதும் என்று நினைப்பதால்தான் பெரும்பாலான தியரிகள் சப்பைக்கட்டாகிப் போகின்றன. நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்துவைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வரும் பசுவைப் பார்த்து 'அம்மா வந்துவிட்டாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனாலும் உவப்பினால் சொன்னது என்று ஏற்று, அதற்கு வழுவமைதி என்று பெயர் கொடுத்தார்கள். அந்த உவப்பு, வழுவை மன்னிப்பதற்காகப் புதிதாகக் கண்டுபிடித்த காரணம் அல்ல. அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தாலும், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுக்கிற கையில் அது தெரிந்திருக்கும். ஃபேன் தியரிக்கும் இதே அளவுகோல்தான். தியரி காட்டும் காரணம், ஓட்டையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் கதைக்குள் கண்ணுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால் வழுவமைதி. ஓட்டைக்காகவே பிறந்த காரணம் என்றால் சப்பைக்கட்டு. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு சோதனையை நடத்துவதற்கான வழிகள்.

முதல் படி, ஓட்டை உண்மையிலேயே ஓட்டைதானா என்று பார்ப்பது. ஒரு தாளில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். இரண்டும் படத்தில் இருப்பவையாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாதவையாகவும் இருக்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வேறு ஏதோ. 2012-இல் வேற்றுக்கிரகப் படை நியூயார்க்கைத் தாக்கியபோது நிக் ஃப்யூரி ஏன் கேப்டன் மார்வெலைக் கூப்பிடவில்லை என்பது வெறும் கேள்வி. அதில் முரண் இல்லை. தலைபோகிற அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கேப்டன் மார்வெல் தன்னை அழைக்கும் பேஜரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்; ஃப்யூரியின் கையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். பாதி உயிர்களை அழிப்பதற்குப் பதிலாகத் தானோஸ் வளங்களை இரட்டிப்பாக்கியிருக்கலாமே என்பதும் ஓட்டை இல்லை. வில்லனுக்குப் பொருளாதாரம் தெரியாதது அவன் புத்திக் கோணல், கதையின் குறையல்ல. எட்டர்னல்ஸ் ஏன் தானோஸைத் தடுக்க வரவில்லை என்பதற்கு 2021-இல் வந்த அவர்களுடைய படமே பதில் சொல்லிவிட்டது: தங்கள் எதிரிகளான டீவியன்ட்கள் சம்பந்தப்படாத சண்டைகளில் அவர்கள் நுழையக் கூடாது என்று கட்டளை. பதில் பிடிக்காமல் போகலாம், அது வேறு வழக்கு. நடிகர் மாறுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2008-இல் டெரன்ஸ் ஹோவர்டாக இருந்த ரோட்ஸ் 2010-இல் டான் சீடிலாக வருகிறார். தெருக்கூத்தில் இரவு பாதியில் வேடக்காரர் மாறினால் யாரும் தியரி தேடுவதில்லை.

இரண்டாம் படி, சாட்சிகளைத் திரட்டி எடைபோடுவது. பொதுவாகத் திரையில் கண்ணால் காண்பதற்கு முதலிடம். அடுத்து திரையில் எழுத்தாக வரும் கார்டு. பிறகு பாத்திரங்கள் வாயால் சொல்வது, ஏனென்றால் அவர்கள் பொய் சொல்லலாம், மறக்கலாம். படத்துக்கு வெளியே பேட்டியில் வருவது கடைசி. ஆனால் இந்த வரிசையைக் கண்மூடிப் பிடித்துக்கொண்டால் 'ஸ்பைடர் மேன்: ஹோம்கமிங்' உங்களைக் கவிழ்த்துவிடும். 2017-இல் வந்த அந்தப் படம் நியூயார்க் போர் முடிந்த இடிபாடுகளில் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் 'எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று கார்டு. போர் நடந்தது 2012; ஆகவே கதை 2020-இல் நடக்க வேண்டும். ஆனால் 'சிவில் வார்' சண்டை முடிந்த சில மாதங்களில் நடக்கும் கதை இது. 'சிவில் வார்' படத்தில் விஷன், டோனி ஸ்டார்க் தன்னை அயர்ன் மேன் என்று அறிவித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்: 2008-உடன் எட்டைக் கூட்டினால் 2016. அதே படத்தில் அமைச்சர் ராஸ், அவெஞ்சர்கள் நான்கு ஆண்டுகளாகக் கேட்பாரில்லாமல் இயங்குகிறார்கள் என்று சாடுகிறார்: 2012-உடன் நான்கு, மறுபடி 2016. 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் டோனி, தானோஸ் ஆறு ஆண்டுகளாகத் தன் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்: 2018. 'எண்ட்கேம்' காலப் பயணத்தில் போர் நடந்த இடத்தையும் வருடத்தையும் நியூயார்க், 2012 என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத நான்கு சாட்சிகள் ஒரே கணக்கைச் சொல்ல, எதிரே ஒற்றைக் கார்டு நிற்கிறது. அந்தக் கார்டைக் காப்பாற்றப் போரை 2008-க்கு நகர்த்தினால், ஸ்டார்க் முதன்முதலாகக் கவசம் செய்த வருடத்திலேயே வேற்றுக்கிரகப் படையும் வந்து இறங்கிவிடும். நடுவில் உள்ள 'அயர்ன் மேன் 2', 'தோர்' இரண்டுக்கும் இடமில்லாமல் போகும். ஒரு பள்ளத்தை மூட நாலு இடத்தில் மண் வெட்டிய கதை. இங்கே தியரியே வேண்டாம். கார்டு தப்பு, அவ்வளவுதான்.

சாட்சிகளைப் பார்த்த பிறகும் முரண் அப்படியே நின்றால் மூன்றாம் படிக்கு வாருங்கள். தியரியை ஒரே வாக்கியத்தில் எழுதி, அது அந்த ஓட்டையைத் தவிர வேறு எதை விளக்குகிறது என்று கேளுங்கள். இதற்குத் தோரின் தந்தை ஓடினின் கையுறையைவிட நல்ல பாடம் கிடையாது. 2011-இல் வந்த 'தோர்' படத்தில் அஸ்கார்டின் கருவூலத்தில் கற்கள் பதித்த தங்கக் கையுறை ஒன்று சில நொடிகள் தெரியும், வலக்கைக்கானது. 2015-இல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' முடிந்து பெயர்கள் ஓடும்போது, இனி நானே இறங்குகிறேன் என்று தானோஸ் அதே போன்ற கையுறை ஒன்றை மாட்டிக்கொள்கிறான், அது இடக்கைக்கானது. நடுவில் கருவூலத்தில் அப்படியொரு திருட்டு நடந்ததாக எந்தப் படமும் சொல்லவில்லை. ரசிகர்களிடமிருந்து இரண்டு விளக்கங்கள் கிளம்பின. ஒன்று, கையுறைகள் இரண்டு. மற்றொன்று, ஓடினிடம் இருந்தது போலி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுமே ஓட்டையை அடைக்கின்றன. இப்போது கையுறையை விட்டுவிட்டு, அதில் பதிந்திருந்த கற்களைப் பாருங்கள். 2013-இல் 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' முடிவில், ஈதர் என்ற கல்லைக் கலெக்டர் என்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க அஸ்கார்டு வீரர்கள் வருகிறார்கள். ஏற்கெனவே டெசராக்ட் எங்களிடம் இருக்கிறது, இரண்டு இன்ஃபினிட்டி கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லதல்ல என்பது அவர்கள் சொல்லும் காரணம். இரண்டு கல் சேர்ந்தாலே ஆபத்து என்று பயப்படுகிறவர்கள், கற்கள் முழுவதும் பதித்த நிஜக் கையுறையைக் கீழே நிலவறையில் வைத்திருப்பார்களா? இரண்டு கையுறை என்ற விளக்கம் இந்தக் காட்சியில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. போலி என்ற விளக்கமோ, தான் பிறக்காத இடத்தில் நடந்த பேச்சுக்கும் பொருள் கொடுக்கிறது. 2017-இல் 'ரக்னராக்' படத்தில் ஓடினின் மகள் ஹெலா கருவூலத்தில் நடந்துபோகிற போக்கில் அதைத் தட்டிவிட்டு, போலி என்று ஒரே சொல்லில் முடித்துவைத்தாள். அதே படத்தில் அவள் அரண்மனைக் கூரை ஓவியத்தைப் பெயர்த்துவிடும்போது, ஓடின் தன் ஆக்கிரமிப்பு வரலாற்றை அதற்கடியில் பூசி மறைத்திருந்தது வெளியே வருகிறது. மறைப்பும் பாசாங்கும் அந்தக் கிழவரின் சுபாவம். வழுவமைதிக்கு வேண்டிய உவப்பு என்று முன்பு சொன்னது இதைத்தான்.

நான்காம் படி செலவுக் கணக்கு. தியரியை நம்புவதற்காகப் புதிதாக எத்தனை விஷயங்களை நம்ப வேண்டியிருக்கிறது? 2019-இன் 'எண்ட்கேம்' முடிவில் கற்களைக் கடந்த காலத்தில் திருப்பி வைக்கப் போன கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ், கிழவராகி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே வாழ்ந்துவிட்டு வந்தார்? படத்தை இயக்கிய ரூஸோ சகோதரர்கள், வேறொரு காலக்கிளையில் என்கிறார்கள். எழுதிய மார்க்கஸும் மெக்ஃபீலியும், இதே காலத்தில் காதலி பெகியோடு மறைவாக என்கிறார்கள். எழுத்தாளர்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 'வின்டர் சோல்ஜர்' படத்தில் அருங்காட்சியகத்தில் ஓடும் பழைய பேட்டியில் பெகி, ஸ்டீவ் காப்பாற்றிய ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களில் தன் வருங்காலக் கணவரும் ஒருவர் என்கிறார். சரி, ரகசியம் காக்கச் சொன்ன பொய் என்று வைத்துக்கொள்வோம். நோய்ப்படுக்கையில், நினைவு தப்பித் தப்பி வரும் நிலையில், இளம் ஸ்டீவைப் பார்த்து நீ உன் வாழ்க்கையை வாழ முடியாமல் போனதே என்று வருந்துகிறாரே, அதுவும் நடிப்பா? எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஸ்டீவின் குணத்தில் விழுகிறது. நண்பன் பக்கி ஹைட்ராவிடம் சித்திரவதைப்படுவதும், மனைவி கட்டிய ஷீல்டு அமைப்புக்குள்ளேயே ஹைட்ரா கூடு கட்டுவதும், 1991-இல் ஹோவர்ட் ஸ்டார்க் கொல்லப்படப்போவதும் தெரிந்தே, அந்த மனிதர் ஐம்பது அறுபது ஆண்டுகள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் என்று நம்ப வேண்டும். காலக்கிளை தியரிக்குச் செலவு ஒன்றே ஒன்று: காலப் பயண மேடை வழியாக வராமல் வேறு வழியில் அவர் கிளை தாண்டி வந்தார். வரவும் ஒன்று உண்டு. தானோஸோடு நடந்த போரில் ஸ்டீவின் கேடயம் உடைந்து நார்நாராகிப்போனது. பெஞ்சில் இருந்து நண்பர் சாமிடம் அவர் நீட்டுவது கீறல் இல்லாத முழுக் கேடயம். அது எங்கிருந்து வந்தது என்ற, யாரும் கேட்காத கேள்விக்குக் கிளை தியரி போகிறபோக்கில் பதில் தந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும்: எழுதியவரே இப்படித்தான் என்று சொன்ன பிறகு ரசிகருக்கு என்ன வாதம்? படைப்பாளியின் பேச்சு ஒரு சாட்சி, மதிப்புள்ள சாட்சி; ஆனால் தீர்ப்பு இல்லை. மேலே பார்த்த வழக்கில் படைப்பாளிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். இருவர் சொல்லும் ஒரே சமயத்தில் சட்டமாக இருக்க முடியாது என்றால், முடிவெடுக்கப் படத்துக்குள்தான் போக வேண்டும். பல படங்கள், பல இயக்குநர்கள், பல எழுத்தாளர்கள் கூடிக் கட்டும் பொதுப் பிரபஞ்சத்தில் இந்த நிலை விதிவிலக்கும் அல்ல.

ஐந்தாம் படியில் தியரியை வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும். அடுத்து வரும் படத்தில் எது நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். 'இன்ஃபினிட்டி வார்' வருவதற்கு முன் ஊரெல்லாம் பேசிய தியரி, கற்கள் இருக்கும் பொருள்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் தானோஸ் என்று வரும் என்பது. டி என்றால் டெசராக்ட், ஏ என்றால் ஈதர், என் என்றால் நெக்லஸ், ஓ என்றால் ஆர்ப், எஸ் என்றால் செப்டர். மீதி இருந்தது எச். கண்டுபிடிக்க வேண்டியிருந்தது சோல் ஸ்டோன். எச் என்றால் ஹெய்ம்டால், அவன் கண்ணில்கூட ஆரஞ்சு ஒளி இருக்கிறது பாருங்கள் என்றார்கள். இந்தத் தியரியைப் பாராட்ட வேண்டிய விஷயம், அது பொய்யாகக்கூடிய ஒன்றைத் துணிந்து சொன்னது. படம் தொடங்கிய சில நிமிடங்களில் ஹெய்ம்டால் செத்தான், கல் ஏதும் விழவில்லை. சோல் ஸ்டோன் வோர்மிர் கிரகத்தில் இருந்தது. ஆனால் படம் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லாமல் அதன் பலவீனத்தைப் பிடித்திருக்கலாம். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கழுத்தில் தொங்குவதைப் படத்தில் அகமோட்டோவின் கண் என்றுதான் சொல்கிறார்கள். என் என்ற எழுத்து தேவைப்பட்டதால் அது நெக்லஸ் ஆகிவிட்டது. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போடும் மாணவனின் வேலை இது.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2010-இல் 'அயர்ன் மேன் 2' படத்தில், ஸ்டார்க் எக்ஸ்போவில் பொம்மை முகமூடி மாட்டிக்கொண்ட சிறுவன் ஒருவன் நிஜ டிரோனை நோக்கிக் கையை நீட்டி நிற்பான். அவன்தான் சின்ன வயது பீட்டர் பார்க்கர் என்று ரசிகர்கள் சொன்னார்கள். எக்ஸ்போ நடந்தது குவீன்ஸில்; பீட்டர் குவீன்ஸ் பையன். 'ஹோம்கமிங்' படத்தில் அவனுக்குப் பதினைந்து வயது. கழித்துப் பார்த்தால் முகமூடிக்குள் எட்டு, ஒன்பது வயது. ஸ்டார்க் மேல் அவனுக்கு இருக்கும் பக்திக்கும் ஒரு வேர் கிடைக்கிறது. செலவு சுழியம். 2017-இல் டாம் ஹாலண்ட் அதை உறுதிப்படுத்தினார். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே அந்தத் தியரி தன் காலில் நின்றிருந்தது. இதையும் சாத்தான் பாத்திரமான மெஃபிஸ்டோவைப் பற்றிய தியரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-இல் 'வாண்டாவிஷன்' ஓடிய வாரங்களில் திரைச்சீலை அசைந்தால்கூட அது மெஃபிஸ்டோ என்றார்கள். கடைசியில் சூனியக்காரி அகதா நின்றாள். 2025-இல் 'அயர்ன்ஹார்ட்' தொடரில் மெஃபிஸ்டோ நிஜமாகவே வந்தபோது, அன்றே சொன்னோமே என்று சிலர் மார்தட்டினார்கள். எப்போதும் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் என்றைக்காவது நனைந்துதானே ஆக வேண்டும்.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று வரும் தியரிகளிடம் கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக இருங்கள். எது இடித்தாலும் அது வேறு கிளை, அவர் உருமாறும் வேற்றுக்கிரகவாசியான ஸ்க்ரல், அதை மந்திரத்தால் மறைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எதையும் விளக்கும் சாவி எதையும் குறிப்பாக விளக்குவதில்லை. இந்தத் தப்பை ரசிகர்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023-இல் 'சீக்ரெட் இன்வேஷன்' தொடர், ரோட்ஸ் என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு ஸ்க்ரல் என்றது. உண்மையான ரோட்ஸை மீட்கும்போது அவர் மருத்துவமனை உடையில், காலூன்ற முடியாமல் இருக்கிறார். 'சிவில் வார்' படத்தில் முதுகெலும்பு அடிபட்டதிலிருந்தே ஆள்மாறாட்டம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அப்படியானால் டோனி ஸ்டார்க் சாகும்போது அருகில் மண்டியிட்டது யார்? ஒரு திடுக்கிடலுக்காக ஐந்தாறு படங்களின் நட்பை அடகு வைத்த விளக்கம் அது. ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது என்பதற்காகச் சப்பைக்கட்டு வழுவமைதி ஆகிவிடாது.

இதெல்லாம் வெறும் படப்பிடிப்புத் தவறுகள், இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் பாதி சரி. 2011-இல் அந்தக் கையுறை கருவூலத்தில் இருந்தது, காமிக்ஸ் தெரிந்தவர்கள் கண்டு ரசிக்கட்டும் என்று வைத்த அலங்காரம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு இரண்டு தளங்களில் பதில் உண்டு. செட்டில் நடந்தது ஒன்று, கதைக்குள் நடப்பது ஒன்று. முதலாவது தெரிந்ததால் இரண்டாவது செல்லாததாகிவிடாது. ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இந்த விளையாட்டை முகம் சுளிக்காமல் ஆடுகிறார்கள். ஜான் எச். வாட்சனை ஒரு கதையில் மனைவி ஜேம்ஸ் என்று கூப்பிட்டுவிட, டோரதி சேயர்ஸ் அந்த எச்சை ஹேமிஷ் என்று விரித்தார். ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்து வழக்கில் அதுதான் பெயர். கோனன் டாயில் அசந்துவிட்டார் என்பது சேயர்ஸுக்குத் தெரியாதா என்ன? இன்னொரு மறுப்புதான் கனமானது: கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனத்தின் அலட்சியத்தை ரசிகர் கூலியில்லாமல் ஒட்டுப்போட்டுக் கொடுக்கிறார் என்பது. உண்மைதான், காலி உறை என்ற நகைச்சுவைக்கு அடியில் இருந்த வியாபாரத் தந்திரமும் அதுவே. அதனால்தான் 'ஹோம்கமிங்' கார்டைப் போன்றவற்றைத் தப்பு என்று பட்டென்று சொல்லப் பழக வேண்டும் என்கிறேன். தப்பை ஒருபோதும் தப்பு என்று சொல்லாத ரசிகர்தான் கூலியில்லாத வேலைக்காரர்.

பயிற்சிக்கு ஒன்று. மார்வெல் படங்களில் ஸ்டான் லீ ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாகத் தலைகாட்டுவார். அவர் எல்லா உலகங்களையும் கவனிக்கும் வாட்சர்களோடு சம்பந்தப்பட்டவர் என்று ரசிகர்கள் தியரி கட்டினார்கள். 2017-இல் ஜேம்ஸ் கன் தன் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டாம் பாகத்தில் அதற்குத் தலையாட்டினார்: விண்வெளியில் வாட்சர்கள் முன்னால் உட்கார்ந்து, தான் ஃபெடெக்ஸ் ஆளாக இருந்தபோது என்று லீ கதை சொல்லிக்கொண்டிருப்பார். லீ ஃபெடெக்ஸ் ஆளாக வந்தது 'சிவில் வார்' படத்தில், அதாவது 2016-இல். கன்னின் படம் நடப்பதோ 2014-இல். பார்வையாளர்கள் பிடித்துக்கொண்டதும் கன் முதலில் தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். பிறகு, லீ அந்த ஃபெடெக்ஸ் வேடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தாளை எடுத்து இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள், செலவைப் போடுங்கள், ஓட்டையைத் தவிர வேறு எதை இது விளக்குகிறது என்று தேடுங்கள். இரண்டு கேள்விக்கு விடை சட்டென்று வந்துவிடும். மூன்றாவதற்கு லீ தலைகாட்டிய எல்லாக் காட்சிகளையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். தபால்காரர் வேடத்தில் அவர் வந்த 2005-இன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படம் இந்தப் பிரபஞ்சத்தில் சேராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.